கடை நம்பர் யார் பெயரில்?

சென்னைக்கு ரயில் புறப்படும் ஹவுரா மாவட்டத்துச் சந்திப்பு சாந்த்ராகாச்சி. வைத்தியத்துக்காக வேலூர், சென்னை என்று கிளம்பும் வங்காளிகளை நம்பி இந்தப் பக்கம் டிக்கெட் கடையோ சாப்பாட்டுக் கடையோ போடுகிறவர், எந்த போன் நல்லது என்றுதான் முதலில் விசாரிப்பார். எதை வாங்கினாலும் ஓடும். வில்லங்கம் சிம்மில் இருக்கிறது.

அவசரத்துக்குக் கடைப் பையனின் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கி, அந்த நம்பரையே பெயர்ப்பலகையிலும் போட்டுவிடுவது பல ஊர்களில் நடப்பதுதான். பையன் வேலையை விட்டால் நம்பரும் அவனோடு போகும். சட்டப்படி சந்தாதாரர் அவன்தான். உங்கள் பெயரிலோ கடையின் பெயரிலோ வாங்குங்கள். கடைப் பெயரில் என்றால் சிம்மை வைத்திருக்கும் ஊழியரின் அடையாள ஆவணமும் (கேஒய்சி) கேட்பார்கள். அலைச்சல்தான்.

தமிழ்நாட்டு நம்பரோடு வந்தவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. ஹவுரா, கொல்கத்தா தொலைத்தொடர்பு வட்டத்தைச் சேர்ந்தது. மாநிலம் கடந்தும் நம்பரை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2015 ஜூலையில் வந்துவிட்டது. ஆனால் நம்பர் துண்டிக்கப்பட விடாதீர்கள். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் கூப்பிடுவது அவரைத்தான்.

பலகையில் எழுதிய நம்பரை வங்கிக் கணக்கோடு இணைக்காதீர்கள். வங்கிக்கென ஒரு பட்டன் போனில் தனி சிம் போட்டு வீட்டில் வைத்தால் போதும். 2018 டிசம்பர் கடைசியில் மும்பை வியாபாரி ஒருவருக்கு இரவில் ஆறு மிஸ்டு கால். விடிந்தபோது சிம் செத்திருந்தது, கணக்கில் 1.86 கோடி ரூபாய் போயிருந்தது. அவர் பெயரில் மோசடிக்காரர்கள் மாற்று சிம் வாங்கியிருந்தார்கள். சிக்னல் திடீரென அறவே போனால் டவர் கோளாறு என்று படுத்துவிடாதீர்கள். வேறு போனிலிருந்து முதலில் வங்கிக்கும், அடுத்து சிம் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். வங்கிக்குச் சொல்லும் நேரத்தைக் குறித்து வையுங்கள், பணமே அதில்தான் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்கள் நஷ்டம்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று இப்போதே பாருங்கள். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். திருடுபோன போனை முடக்குவதும் அங்கேதான், போலீஸ் புகார் நகல் கேட்பார்கள்.

சிம் நிறுவனம் கைவிரித்தால் அதன் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், கட்டணமில்லை. நுகர்வோர் நீதிமன்றமும் உண்டு. தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தள்ளிவிட்டது.