மொட்டை மாடியில் ஒரு மழைக் கணக்கு

தண்ணீர் சிக்கனம் பற்றிப் படம் வரைந்து பரிசு வாங்கிய பிள்ளையிடம், "உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கும் தெரியாது. தெரியாத செலவை யார் குறைப்பார்?

அளப்பதிலிருந்து தொடங்கலாம். சொட்டும் குழாயின் கீழே ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர். காசு கொடுத்து வாங்கும் ஒரு கேன்! ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயையும் பிள்ளை ஒரு வாளியில் விட்டுப் பார்க்கட்டும். பல வீடுகளில் ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகிறது. உப்பு கூடிய அந்தத் தண்ணீர் கழிவறைக்கு ஆகும்.

பெரியவர்களுக்கான பாடம் மாடியில் இருக்கிறது. 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர், 1 மி.மீ. மழைக்கு 93 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. பெய்கிறது. சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் லிட்டராவது தேறும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அது ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்தான். இருபத்தைந்து மாடிகளின் ஓராண்டு மழை!

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முன்பே மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் சென்னை பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைநீர் இறங்கக் குழி வெட்டினோம், சரி. அதன் பிறகு மூடியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மணலும் சருகும் அடைத்த குழியில் தண்ணீர் இறங்காது. சட்டம் குழியை வெட்ட வைத்தது. தூர்வாரச் சொல்லிக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், மாடியைப் பெருக்கி, வடிகட்டியிலுள்ள ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட வேண்டும். தூசியோடு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். அடுக்குமாடிகளில் லிஃப்ட்டுக்கு ஒதுக்குவதுபோல் இதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கலாம். ஆள் வந்து குழியைத் திறக்கும் அன்று பிள்ளைகளும் கூட நிற்கட்டும், கையில் ஓர் அளவு நாடாவோடு.