வயரைச் சுத்தி வைக்கிறதுல அப்படி என்ன இருக்கு?

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், ஹாஸ்டல் டே எது நடந்தாலும் நம்ம காலேஜ்ல முதல்ல தேடப்படுற பொருள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஃபங்ஷன் முடிஞ்சதும் முதல்ல மறக்கப்படுற பொருளும் அதுதான். மேடைக்குப் பின்னாடி நூடுல்ஸ் மாதிரி கிடக்கும். யாராவது ஒருத்தர் முழங்கைல சுத்தி, முடிச்சு போட்டு, ஒரு மூலைல வீசிட்டுப் போயிடுவாங்க. நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிறோம், ஆனா ஒரு வயரை எப்படிச் சுத்தணும், எப்படித் தூக்கிட்டுப் போகணும்னு எந்த சப்ஜெக்ட்லயும் வரல. அதனாலதான் இந்தக் கட்டுரை.

இதுல பாதி நான் பாடத்துல படிச்சது. மீதி எங்க ஊர்ல பார்த்தது. எங்க ஊர் ராயகிரி. தென்காசி மாவட்டத்துல ஒரு பேரூராட்சி. மேற்கே பாத்தா மலை. சங்கரன்கோவில் பக்கம்னு சொன்னாத்தான் வெளியூர்க்காரங்களுக்குப் புரியும். எங்க பக்கம் கோவில் திருவிழாவுக்குக் கொடைன்னு பேரு. கொடைன்னா ரேடியோ செட் இல்லாம நடக்காது. இன்னிக்கு எல்.ஈ.டி. சீரியல், பெரிய ஸ்பீக்கர், ஆர்ச் லைட்டுன்னு வந்தாலும், வாடகைக்கு விடுறவர் இன்னும் ரேடியோ செட் அண்ணாச்சிதான். அவரோட தொழில்ல விலை ஜாஸ்தியான சாமான் ஆம்ப்ளிஃபயராத் தெரியலாம். ஆனா ஒவ்வொரு கொடைக்கும் இழுபட்டு, மிதிபட்டு, நனைஞ்சு தேயுறது வயருதான். அவரு ரீலை நடத்துற விதத்தைப் பாத்தா ஒரு லேப் மேனுவல் எழுதலாம்.

ரீல்னு நான் சொல்றது ரெண்டு தட்டு, நடுவுல ஒரு உருளை, சுத்த ஒரு கைப்பிடி. கடையில விக்கிறதுல பக்கத் தட்டுலயே சாக்கெட் இருக்கும். எங்க ஊர்ல பழைய சைக்கிள் ரிம் ரெண்டை வெல்ட் பண்ணி, நடுவுல கம்பி கொடுத்துச் செஞ்சதும் ஓடுது. எது இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல முறுக்கு. முழங்கைல சுத்துனா என்ன தப்புன்னு கேக்குறவங்க, கழுத்துல கிடக்குற ஐடி கார்டு டேகைக் கழட்டுங்க. ரெண்டு விரல்ல நாலு சுத்து சுத்துங்க. இப்போ ஒரு முனையைப் பிடிச்சு விரல் நுனி வழியா பக்கவாட்டுல உருவுங்க. டேக் முறுக்கிக்கிட்டு வரும். ஒரு சுத்துக்கு ஒரு முழு முறுக்கு. சுத்தின மாதிரியே திருப்பி அவிழ்த்தா முறுக்கும் அவிழ்ந்துடும். ஆனா யாரு அப்படி அவிழ்க்கிறா? ஒரு முனையைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடுறதுதான் வழக்கம். முழங்கைல ஒரு சுத்துக்கு சுமார் ஒரு மீட்டர் போகும்னு வெச்சா, 50 மீட்டர் வயர்ல 50 முறுக்கு.

வெளியில இருக்குற உறைக்கு இது பெரிய விஷயமாத் தெரியாது. உள்ளதான் பிரச்சனை. ரெண்டரை ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் வயர்ல ஒரு கோருக்குள்ள ஒரே கம்பி இருக்காது. 0.25 மில்லிமீட்டர் தடிமன்ல 50 இழை இருக்கும். முறுக்கி, மடங்கி, நெளிஞ்ச இடத்துல இந்த இழைங்க ஒவ்வொண்ணா அறும். 50ல 20 அறுந்தாலும் லைட் எரியும், யாருக்கும் தெரியாது. மிச்சம் இருக்குற 30 இழை மொத்த கரண்டையும் சுமந்து, அந்த ஒரு இடம் மட்டும் சூடாகும். பிளக் பக்கத்துல உறை பழுப்பு நிறமா மாறியிருக்குற வயரைப் பாத்திருப்பீங்க. காரணம் பெரும்பாலும் இதுதான், இல்லைன்னா லூசான ஸ்க்ரூ.

ரீல்ல இந்த முறுக்கு ஏறாது. ஏன்னா வயர் ரீலைச் சுத்தி வரல, ரீல்தான் சுழன்று வயரை வாங்கிக்குது. ஆனா ரீலைத் தரையில படுக்கப் போட்டு மேல்பக்கமா வயரை உருவினா, முழங்கைல சுத்தின அதே கதைதான். ரீல் நிக்கணும், சுழலணும். ரீலே இல்லாதப்போ ஆடியோ ஆளுங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. ஒரு வளையம் வழக்கம் போலப் போடுவாங்க, அடுத்த வளையத்தை மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாப் போடுவாங்க. ஒண்ணுல ஏறுற முறுக்கை அடுத்தது கழிச்சிடும். கத்துக்க பத்து நிமிஷம் போதும், மைக் கேபிளுக்கு இதுதான் நல்லது.

நடு உருளை ரொம்பச் சின்னதா இருக்கக் கூடாது. வயரோட வெளி விட்டத்தைப் போல ஆறு மடங்காவது வளைவோட ஆரம் இருக்கணும்னு வெச்சுக்கிட்டா பாதுகாப்பு. மூணு கோர் ரெண்டரை ஸ்கொயர் வயர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன். அப்போ உருளை குறைஞ்சது 12 சென்டிமீட்டர் விட்டம். பெயின்ட் டப்பா சைஸ் சரி, தண்ணி பாட்டில் சைஸ் சரி வராது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். ரீல்ல சுத்தியிருக்குறபடியே பெரிய லோடு ஓட்டக் கூடாது.

போன வருஷம் ஒரு காலேஜ் ஃபெஸ்ட்ல ஃபுட் ஸ்டால் ஒண்ணு. அடுப்பு ரெண்டடி தூரத்துல, ஆனா 50 மீட்டர் ரீல். மூணு சுத்து மட்டும் அவிழ்த்து, இண்டக்ஷன் ஸ்டவ் மாட்டிட்டாங்க. சாயந்தரம் வயரை இழுத்தா வரல. உள் அடுக்கு உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. எம்.சி.பி. கடைசி வரைக்கும் ட்ரிப் ஆகல.

கணக்கைப் போட்டுப் பாக்கலாம். 2000 வாட் ஸ்டவ், 230 வோல்ட், அப்போ கரண்ட் 8.7 ஆம்ப்ஸ். ஒன்றரை ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் வயருக்கு ரெசிஸ்டன்ஸ் ஒரு கிலோமீட்டருக்கு 13.3 ஓம். 50 மீட்டர் வயர்னா போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டர் செம்பு. அதாவது 1.33 ஓம். கரண்ட்டோட வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால பெருக்கினா ஏறக்குறைய 100 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கா? எரியும்போது தொட முடியாது. அதே அளவு வெப்பம் அந்த வயருக்குள்ள வருது.

வயர் நீளமா விரிஞ்சு கிடந்தா மீட்டருக்கு 2 வாட்தான். காத்துல போயிடும், தொட்டா லேசா வெதுவெதுன்னு இருக்கும். அதையே ரீல்ல சுத்தினா, மொத்த 100 வாட்டும் ஒரு பூசணிக்காய் சைஸ் இடத்துல. மேல் அடுக்குக்கு மட்டும்தான் காத்து. நடுவுல இருக்குற அடுக்குக்கு மேலயும் கீழயும் பக்கத்துலயும் சூடான வயரே போர்வை. சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்குற வெப்பம் 70 டிகிரி. சித்திரை வெயில்ல எங்க ஊர்ல வெளி வெப்பமே 38, 40 தொடும். பாதிக்கு மேல அங்கேயே போயிடுச்சு. போதாததுக்கு, செம்பு சூடாக ஆக ரெசிஸ்டன்ஸும் டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரில இருந்து 70க்குப் போனா சுமார் 20 சதவீதம் கூடுதல் வெப்பம். சூடு சூட்டை வளர்க்கும்.

எம்.சி.பி. ஏன் சும்மா இருந்துச்சு? அதுக்குத் தெரியுறது கரண்ட் மட்டும். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி.க்கு 8.7 ஆம்ப்ஸ்ங்கிறது பாதி லோடு. ரீலுக்குள்ள என்ன வேகுதுன்னு அதுக்குத் தெரிய வழியே இல்ல. இதனாலதான் வெளிநாட்டு ரீல்கள்ல ரெண்டு ரேட்டிங் போட்டிருப்பாங்க, சுத்தியிருந்தா 1000 வாட், முழுசா விரிச்சா 3000 வாட்ங்கிற மாதிரி. ரீல்களுக்குன்னே ஐ.ஈ.சி. 61242ன்னு ஒரு தனி தரநிலை இருக்கு. நல்ல ரீல்ல சூடானா தானா கட் ஆகுற ஒரு சின்ன தெர்மல் ஸ்விட்சும் இருக்கும். சைக்கிள் ரிம் ரீல்ல அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

ஒரு விஷயம். நம்ம டிபார்ட்மென்ட் பசங்களே சிலர், "காயில் மாதிரி சுத்தினதால இண்டக்டர் ஆயிடுச்சு, அதான் சூடு"ன்னு சொல்வாங்க. இல்ல. ஒரே கேபிளுக்குள்ள ஃபேஸ் ஒரு பக்கம் போகுது, நியூட்ரல் எதிர்ப்பக்கம் வருது. ரெண்டோட காந்தப்புலமும் ஒண்ணையொண்ணு அடிச்சிடும். இங்க காந்தமும் இல்ல, மாயமும் இல்ல. வெளிய போக வழியில்லாத வெப்பம், அவ்வளவுதான்.

அப்போ பத்து மீட்டர் தூரத்துக்கும் 50 மீட்டரையும் விரிக்கணுமா? ஆமா. மிச்சத்தை ஆள் நடக்காத சுவர் ஓரமா, பாம்பு நெளியுற மாதிரி தளர்வாப் போடணும். ஜமுக்காளத்துக்கு அடியில மறைக்கக் கூடாது, அதுவும் போர்வைதான். இது ரொம்ப வேலைன்னு தோணினா 15 மீட்டர் ரீல் ஒண்ணு தனியா வெச்சுக்குங்க. அண்ணாச்சிக்கிட்ட 15, 30, 50ன்னு மூணு அளவு இருக்கு, தட்டுல பெயின்ட்ல எழுதியிருக்கும்.

ஏத்தி இறக்குறதுக்கு வருவோம். மினி லோடு வண்டில சாமான் போகும்போது ரீல் நிமிர்ந்து நிக்கணும், உருளாம இருக்க ரெண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுக்கணும். படுக்கப் போட்டா குலுக்கல்ல மேல் அடுக்கு சரிஞ்சு கீழ் அடுக்குக்குள்ள மாட்டிக்கும். அப்புறம் விழா இடத்துல அரை மணி நேரம் சிக்கு எடுக்கணும். மின்வாரியம் இறக்குற பெரிய மர டிரம்ல ஒரு அம்புக்குறி பாத்திருப்பீங்க. உருட்டினா அந்தத் திசைலதான் உருட்டணும், எதிர்த்திசைல உருட்டினா கேபிள் தளர்ந்துடும். ஸ்பீக்கர் பாக்ஸை ரீல் மேல ஏத்தக் கூடாது. ஜெனரேட்டரோட டீசல் கேனையும் வயரையும் ஒண்ணா வைக்கக் கூடாது, டீசல் பட்டா பி.வி.சி. கெட்டுடும். 50 மீட்டர் மூணு கோர் ரெண்டரை ஸ்கொயர்ல செம்பு மட்டுமே 3.4 கிலோ இருக்கு. உறையும் ரீலும் சேர்ந்தா நல்ல கனம். பிளக்கைப் பிடிச்சுத் தூக்குறவங்களை மன்னிக்கவே கூடாது.

வைக்கிற இடம் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. காஞ்ச இடம், வெயில் படாத இடம், தரையில இல்லாம ஆணில தொங்கினா எலிக்குக் கொஞ்சம் கஷ்டம். ஈரத்தோட சுத்தி வைக்காதீங்க, பிளக் பின் பச்சை பூக்கும்.

நான் முக்கியமா நினைக்கிறது திருப்பிச் சுத்துற நேரம். கொடை முடியுறப்போ விடியக்காலம் மூணு, நாலு மணி ஆயிடும். புல்லுல பனி இறங்கியிருக்கும். வயர் சுத்துறது பெரும்பாலும் சின்னப் பசங்க, செருப்புகூட இருக்காது. வெளிச்சம் வேணுமேன்னு கடைசி லைட்டை அணைக்காம, கரண்ட் இருக்குற வயரையே ஈரத் தரையில இழுத்துச் சுத்துற பழக்கம் பல இடத்துல இருக்கு. எங்கயாவது உறை கிழிஞ்சிருந்தா, கையும் ஈரம், காலும் ஈரம். 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தா பிழைக்க வாய்ப்பு அதிகம், ஆனா தற்காலிக லைன்ல அதைப் போடுறவங்க கம்மி. ஒரு ராத்திரிக்கு ஒரு கூலின்னு வேலை பாக்குற பையன்கிட்ட "பாத்துப்பா"ன்னு சொல்லிட்டுப் போறதை நான் பாதுகாப்புன்னு ஒத்துக்க மாட்டேன்.

எங்க அண்ணாச்சி இதுல கறார். சார்ஜ் லைட் ஒண்ணை நடுவுல வெச்சுட்டு, ஜெனரேட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழட்டித் தன் சட்டைப் பக்கம் போட்டுக் காட்டின அப்புறம்தான் பசங்க வயரைத் தொடலாம். ஒருத்தன் கைப்பிடியைச் சுத்துவான். இன்னொருத்தன் பழைய லுங்கித் துணியை மடிச்சு, அதுக்குள்ள வயரை விட்டுப் பிடிச்சுக்குவான். சேறும் துடைபடும், கைக்கு வெட்டும் தட்டும். யோசிச்சுப் பாருங்க, ஒரு வயரோட முழு நீளமும் ஒரு மனுஷன் கையைத் தாண்டிப் போறது அந்த ஒரு தடவைதான். எந்த மெகர் டெஸ்டும் இல்லாத ஊர்ல அந்த லுங்கித் துணிதான் டெஸ்ட். வெட்டு தட்டின இடத்துல உடனே ஒரு சிவப்புத் துணி கட்டிடுவாங்க.

சிவப்புத் துணி கட்டின இடத்துல அவரு டேப் சுத்துறதில்ல. டேப் சூட்டுல பசை விட்டுடும், நடுவுல ஜாயின்ட் போட்ட வயரை ரீல்ல சுத்தினா அந்த இடம்தான் முதல்ல மடங்கும்னு சொல்வாரு. மறுநாள் காலைல அந்த இடத்துல வயரை ரெண்டா வெட்டி, ரெண்டுக்கும் புது டாப் மாட்டிடுவாரு. அதனாலதான் ஒரு ரீல் தட்டுல 50ங்கிறதை அடிச்சுட்டு 32ன்னு எழுதியிருக்கும், பக்கத்துல ஒரு சின்ன ரீல்ல 18ன்னு இருக்கும்.