வரையறை எங்கே இருக்கிறது?

பிறர் எழுதிய நிரலைப் படிக்க உட்காருபவருக்கு முதலில் எழும் கேள்வி எளியது: இங்கே அழைக்கப்படும் இந்த ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 1991இல் வெளியான லினக்ஸ் கெர்னலின் முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள்தான் இருந்தன. இன்று அது கோடிக்கணக்கான வரிகள்; அவற்றில் ஒரு பெயரைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த முதல் கேள்விக்குப் பதில் உடனே கிடைத்தால் வாசிப்பு தொடரும். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து நிமிடம் தேட வேண்டுமென்றால், நான்காவது பெயரிலேயே தேடுவதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்கிவிடுவோம். ஊகத்தின் மேல் செய்யும் திருத்தம் பிழையாக முடிவதில் வியப்பில்லை. ஆகவே புதிய நிரல் எதுவானாலும், அதன் வரையறைகளுக்கு அட்டவணை போட்டுவிட்டுப் படிப்பதே முறை. அதற்கு முதலில் எடுக்க வேண்டியது சி-டேக்ஸ் என்ற பழைய கட்டளைவரிக் கருவிதான்.

பெர்க்லியில் கென் அர்னால்ட் எழுதிய இந்தக் கருவி பி.எஸ்.டி. யுனிக்ஸோடு வெளிவந்தது, பில் ஜாயின் வி.ஐ. எடிட்டரோடு சேர்ந்தே வளர்ந்தது. பிறகு டேரன் ஹீபர்ட்டின் எக்ஸுபரன்ட் சி-டேக்ஸ் பல மொழிகளுக்கு அதை விரித்தது. அதன் கிளையான யுனிவர்சல் சி-டேக்ஸ்தான் இப்போது பராமரிக்கப்படுகிறது. நிரல் இருக்கும் கோப்புறையில் நின்று, ‘சி-டேக்ஸ்’ கட்டளையோடு பெரிய ‘ஆர்’ தெரிவைச் சேர்த்து ஓட்டினால், உள்கோப்புறைகள் உட்பட எல்லாவற்றையும் படித்து ‘டேக்ஸ்’ என்ற ஒரே கோப்பை எழுதித் தரும். விம் எடிட்டரில் ஒரு பெயர்மேல் கர்சரை வைத்து, கன்ட்ரோல் விசையோடு வலது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் வரையறைக்குப் போகலாம். கன்ட்ரோலோடு ‘டி’ அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம்.

அந்த டேக்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் அதன் வலிமை புரியும். ஒவ்வொரு வரியிலும் அடிப்படையாக மூன்றே செய்திகள்: பெயர், அது உள்ள கோப்பு, அங்கே அதைக் கண்டுபிடிக்கும் வழி. அந்த வழி பெரும்பாலும் வரி எண்ணாக இருக்காது. வரையறை வரியின் வாசகமே தேடுகுறியாக இருக்கும். மேலே இருபது வரிகள் புதிதாகச் சேர்ந்தாலும் குறி தப்பாது. அட்டவணை பழசாகிவிடுமே என்று கவலைப்படுவோருக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிப் பதில், கட்டளையை மறுபடி ஓட்டுவது. பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் பாதி பாதியாக ஒதுக்கித் தேடி நொடியில் எட்டிவிடலாம்.

‘கிரெப் இருக்கும்போது இது எதற்கு?’ என்று கேட்பார்கள். கிரெப் தருவது சொல்லடைவு; ஒரு சொல் வரும் இடமெல்லாம் காட்டும். நாம் கேட்டதோ பொருள் சொல்லும் இடம். சில வேளை அந்த இடம் கிரெப்புக்கு அகப்படவே அகப்படாது. லினக்ஸில் கோப்பைப் படிக்கும் சிஸ்டம் காலின் பெயர் ‘சிஸ்_ரீட்’. இதை முழுச்சொல்லாகத் தேடினால் அறிவிப்பு வரியும் சிஸ்டம் கால் அட்டவணையின் வரியும் கிடைக்கும், வரையறை கிடைக்காது. ஏனென்றால் ‘ரீட்_ரைட்.சி’ கோப்பில் அது ‘சிஸ்கால்_டிஃபைன்3’ என்ற மேக்ரோவுக்குள் வெறும் ‘ரீட்’ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. சி-டேக்ஸும் தானாக இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். கெர்னலோடு வரும் ‘டேக்ஸ்.எஸ்எச்’ ஸ்கிரிப்டில், இந்த மேக்ரோவைக் கண்டால் உள்ளே உள்ள பெயருக்கு முன்னால் ‘சிஸ்_’ சேர்த்து அட்டவணையில் எழுது என்ற விதி இருக்கிறது. நிரலை நன்கு அறிந்தவர்கள் தங்கள் அறிவை அட்டவணையிலேயே பதித்து வைத்து, அடுத்து வருபவருக்குத் தருகிறார்கள். ‘மேக் டேக்ஸ்’ என்று அடித்தால் அது நமக்கும் வந்துவிடும். மென்பொருள் உலகில் இதைவிடப் பயனுள்ள பெருந்தன்மை அதிகம் இல்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. 2016இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்தபின் எடிட்டர்களே, லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரலின் துணையோடு, மொழியைப் புரிந்துகொண்டு வரையறையைக் காட்டுகின்றன. உண்மை. ஜாவாவில் ஒரே பெயரில் முப்பது மெத்தட்கள் இருந்தால், எது நம்முடையது என்பது சி-டேக்ஸுக்குத் தெரியாது. முப்பதையும் வரிசையாகக் காட்டும். அங்கே லாங்குவேஜ் சர்வரே மேல். ஆனால் அது நிரலிடம் நிறைய எதிர்பார்க்கிறது. சி மொழித் திட்டத்தில் கிளாங்-டி என்ற லாங்குவேஜ் சர்வர் சரியாக வேலை செய்ய, ஒவ்வொரு கோப்பும் எந்தத் தெரிவுகளோடு கம்பைல் ஆகிறது என்ற விவரம் தேவை. கம்பைலே ஆகாத பழைய நிரல், பாதி மட்டும் கைக்கு வந்த நிரல், தொலைவிலுள்ள கணினியில் கட்டளைவரி மட்டும் உள்ள நிலை என்று வாசிப்பு மிகக் கடினமாகும் இடங்களில் அது தடுமாறும். சி-டேக்ஸோ கம்பைல் ஆவதைக் கேட்பதில்லை, கொடுத்ததைப் படிக்கும். யார் இதை அழைக்கிறார்கள் என்ற எதிர்க்கேள்விக்கு அது பதில் தராது. அதற்கு பெல் லேப்ஸில் பிறந்து 2000இல் திறமூலமான சி-ஸ்கோப் இருக்கிறது.

ஏ.ஐ. உதவியாளரிடம் கேட்டால் போதாதா? அது தரும் விளக்கம் சரிதானா என்று பார்க்கவும் மூலவரிக்குத்தானே போக வேண்டும்? ஏய்டர் என்ற ஏ.ஐ. நிரலாக்கக் கருவிகூட, ஒரு திட்டத்தின் வரைபடத்தை மாடலுக்குக் கொடுக்கத் தொடக்கத்தில் சி-டேக்ஸையே பயன்படுத்தியது. பின்னரே, நிரலின் இலக்கண அமைப்பைப் பகுக்கும் ட்ரீ-சிட்டருக்கு மாறியது. இயந்திரத்துக்கும் முதலில் வரையறைகளின் பட்டியல் வேண்டியிருந்தது.

கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பெரிய நிரலைப் படிக்கவும் ஒரு வகுப்பு ஒதுக்க வேண்டும். மாணவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கெர்னல் மூலநிரலை இறக்கி, ‘மேக் டேக்ஸ்’ ஓட்டி, ‘சிஸ்_ரீட்’டில் தொடங்குங்கள்.