பன்னிரண்டு சொற்களும் காணி உறுதியும்

இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் எதை விட்டாலும் நம் பெண்கள் ஒரு பையை மட்டும் கைவிடவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடைவுத் துண்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். வன்னியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருக்கும் அக்கா ஒருவரிடம் அந்தப் பை இன்றும் இருக்கிறது. ஆனால் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தின் திறப்பு அதற்குள் இருக்கவில்லை.

தம்பி பணத்தைக் கிரிப்டோ நாணயமாக அனுப்புகிறார். அதற்காக வெள்ளவத்தையில் இருக்கும் மருமகன், அக்காவின் மடிக்கணினியில் மெட்டாமாஸ்க் என்ற பணப்பையைப் போட்டுக் கொடுத்திருந்தான். குரோம் உலாவியின் மேல் ஓரத்தில் நரி முகத்தோடு தெரியும் சிறிய நீட்சி அது.

"கடவுச்சொல் எனக்குப் பாடம், பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார்.

"பன்னிரண்டு சொல் தந்திருக்குமே, அது எங்கை?"

"அதை மருமகன் படம் எடுத்து வட்ஸ்அப்பிலை அனுப்பினவன். அவனிட்டையும் கிடக்கு."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. கடவுச்சொல் அந்தக் கணினியில் உள்ள பூட்டை மட்டுமே திறக்கும். அந்தப் 12 ஆங்கிலச் சொற்களும் வரிசை மாறாமல் கிடைத்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் பணத்தை எடுக்கலாம். அடையாள அட்டை கேட்க ஆளில்லை. போன பணத்தைக் கேட்டு முறையிட வங்கி முகாமையாளரும் இல்லை. மெய்நிகர் நாணயத் தொழிலுக்கு எந்த நிறுவனத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்திருந்தது.

மருமகன் கள்ளன் என்று நான் சொல்லவரவில்லை. அவனுடைய போன் களவு போனால்? போனில் உள்ள படங்கள் நமக்குத் தெரியாமலே இணையச் சேமிப்புக்கும் போய்விடுகின்றன. 2022 ஏப்ரலில் ஒருவர், அப்பிள் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன மோசடிக்காரரிடம் இரகசிய இலக்கத்தைச் சொல்லிவிட்டார். ஐகிளவுட்டில் இருந்த பணப்பைப் பிரதி வழியாக அவர் இழந்தது சுமார் 6 இலட்சத்து 50 ஆயிரம் டொலர்.

வெளியே போன சொற்களை மீட்க முடியாது. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. அதே சொற்களின் கீழ் இன்னொரு கணக்கைத் திறந்தாலும் பழைய ஆபத்துத்தான். ஆகவே புதிய சொற்களோடு புதிய பணப்பை ஒன்றை அமைத்து, சிறு கட்டணம் கொடுத்துப் பணம் முழுவதையும் அதற்கு மாற்றினோம்.

அக்கா கொப்பியும் பேனையும் எடுத்தார். "தமிழிலை எழுதட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சொற்கள் 2048 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியலிலிருந்து வருபவை. கடற்கரையைக் குறிக்கும் சொல்லும் பேயைக் குறிக்கும் சொல்லும் அதில் உண்டு; தமிழில் எழுதினால் இரண்டுமே 'கோஸ்ட்'. ஆங்கிலத்தில் முதல் நான்கு எழுத்துக்கள் தெளிவாக இருந்தாலே எந்தச் சொல் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆங்கிலம் தெரியாதவர்களும் கோடு கோடாகப் பார்த்து எழுதலாம், அவசரம் இல்லை.

அவர் எழுதி முடிக்கும்வரை நான் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவிக்கு வருபவர்களுக்கும் அந்தச் சொற்கள் தெரியக்கூடாது. நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது.

"மருமகன் கோவிக்கப் போறான்" என்றபடி அக்கா தாளை மடித்துக் காணி உறுதிக்குள் வைத்தார். இன்னொரு பிரதி, ஒட்டிய உறையில், யாழ்ப்பாணத்திலுள்ள தங்கையிடம் போகிறது.

வங்கிக்கே அனுப்பச் சொல்லுங்கள் என்பதுதான் என் விருப்பம். தம்பி இன்னும் சம்மதிக்கவில்லையாம்.