ஹேஷ் குறியா, மூன்று மேற்கோளா?

பைத்தானில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எக்செல் தேதிகளை உள்ளுக்குள் வெறும் எண்களாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது அதற்கு 1. அப்படி ஓர் எண்ணை வாங்கித் தேதியாக மாற்றித் தருவது நம் ஃபங்ஷனின் வேலை. இதற்கு விளக்கம் எழுத வேண்டும்.

வழிகள் இரண்டு. ஹேஷ் குறி போட்டு எழுதினால் கமெண்ட். ஃபங்ஷனுக்குள் எல்லாவற்றுக்கும் முதலாக, மூன்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால் டாக்ஸ்ட்ரிங்.

கணினி இரண்டையுமே கண்டுகொள்ளாது, குறி மட்டும்தான் வேறு என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் பைத்தான் உதறிவிடுவது கமெண்டை மட்டும்தான். டாக்ஸ்ட்ரிங், நிரல் ஓடும்போதும் ஃபங்ஷனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஹெல்ப்’ என்று கேட்டால் பைத்தான் முதலில் தேடிக் காட்டுவது அதைத்தான். ஸ்ஃபிங்ஸ் போன்ற கருவிகள் அதை எடுத்தே கையேடு தயாரிக்கின்றன. சாம்பார்ப்பொடி டப்பாவில் ஒட்டிய சீட்டு சமைப்பவருக்கு. மல்லியை ஏன் கூடுதலாக வறுத்தோம் என்ற குறிப்பு அடுத்த முறை அரைப்பவருக்கு. முன்னது டாக்ஸ்ட்ரிங், பின்னது கமெண்ட்.

நம் ஃபங்ஷனுக்கு வருவோம். என்ன வாங்கும், என்ன தரும், தப்பான எண் வந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் டாக்ஸ்ட்ரிங்கில் போகட்டும். உள்ளே ஒரு வரி, எண் 60-ஐத் தாண்டினால் ஒரு நாளைக் கழிக்கிறது. அங்கே ‘ஒரு நாள் கழிக்கிறோம்’ என்று கமெண்ட் எழுதிப் பயனில்லை. அதை அந்த வரியே சொல்லிவிடுகிறது. ஏன் கழிக்கிறோம்? 1900 லீப் ஆண்டு இல்லை. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செலும் அதையே பின்பற்றியது. அதனால் வராத ஒரு பிப்ரவரி 29 எக்செலில் 60-ஆம் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் காரணத்தை எழுதாமல் விட்டால், பின்னால் வருபவர் பிழை என்று நினைத்து அந்த வரியை அழித்துவிடுவார்.

டாக்ஸ்ட்ரிங்கின் நடைக்கு 2001-இல் வந்த ‘பெப் 257’ என்ற பைத்தான் ஆவணம் வழி சொல்கிறது: முதல் வரியில் சுருக்கம், பிறகு ஒரு வெற்று வரி, அப்புறம் விவரம். உள்ளீடுகளைப் பட்டியலிடக் கூகுள் பாணி, நம்பை பாணி எனச் சில உண்டு. சிறிய ஃபங்ஷனுக்குக் கூகுள் பாணியே என் தேர்வு; இடம் குறைவு, கண்ணுக்கும் எளிது. ஆனால் நீங்கள் சேர்ந்திருக்கும் குழுவில் ஏற்கெனவே ஒரு பாணி இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.