சுவர் உங்களைப் பார்க்கிறது! அதிசய அறைகளின் பின்னே இருக்கும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் கேட்டால், கம்ப்யூட்டர் என்பது ஒரு மானிட்டர், ஒரு கீ போர்டு, ஒரு மவுஸ் என்பார்கள். இவை எதுவும் கண்ணில் படாமல் ஓர் அறை முழுவதுமே கம்ப்யூட்டராக மாறினால் எப்படி இருக்கும்? நீங்கள் நடந்தால் விளக்கும் கூடவே நகர்கிறது. தட்டை மேஜையில் வைத்தால் அதிலுள்ள பறவை பறந்து போகிறது. இத்தகைய அறைகளை இம்மர்சிவ் இன்ஸ்டலேஷன் என்கின்றனர். வெளியே நின்று பார்க்கும் படமாக இல்லாமல், நாமே உள்ளே போய் நிற்கும் படம் இது எனலாம்.

இவற்றை அதிகம் காணக் கிடைக்கும் இடங்களில் ஒன்று இத்தாலியின் மிலான் நகரம். 1961ல் பர்னிச்சர் கண்காட்சியாகத் தொடங்கிய சலோனே டெல் மொபிலே, வழக்கமாக ஏப்ரல் மாதம் அங்கு நடைபெறும். அதே வாரத்தில் ஊர் முழுக்கப் பழைய தியேட்டர்களிலும் கிடங்குகளிலும் வடிவமைப்பாளர்கள் தங்கள் அறைகளை அமைப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பீங்கான் பாத்திரங்களை வடிவமைப்பவர். வயதில் மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் அழைப்பேன். 2018ல் டோக்கியோவிலும் 2019ல் மிலானிலும் இத்தகைய அறைகளைப் பார்த்து வந்தார். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். கேமரா தரும் படத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் புரோகிராம்கள் எழுதுவது என் வேலை. எனவே அக்கா தன் சந்தேகங்களை எல்லாம் என்னிடம் கொட்டிவிட்டார். அவர் கேட்ட நான்கு கேள்விகளும் உங்களுக்கும் பயன்படும்.

1. நான் நிற்கும் இடம் அறைக்கு எப்படித் தெரிகிறது?

2016ல் மிலானில் ஒரு பழைய சினிமா தியேட்டரில், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் சூ ஃபுஜிமோட்டோ, காஸ் என்ற ஆடை நிறுவனத்திற்காக "ஒளிக் காடு" ஒன்றை அமைத்தார். இருட்டில் மேலிருந்து கூம்பு கூம்பாக ஒளி விழும். மக்களின் அசைவுக்கு ஏற்ப அந்த ஒளி மாறும். சுவரில் கண்ணாடிகள் இருந்ததால் காட்டுக்கு எல்லையே இல்லாதது போலத் தோன்றும்.

இதுபோன்ற அறைகளில் மவுஸுக்குப் பதிலாக சென்சார்கள் வேலை செய்யும். அவற்றில் பரவலாகப் பயன்படுவது ஆழம் அளக்கும் கேமரா. சாதாரண கேமரா ஒவ்வொரு புள்ளியின் நிறத்தை மட்டும் சொல்லும். இந்த கேமரா ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லும். மைக்ரோசாப்ட் 2010ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக வெளியிட்ட கைனெக்ட், இவ்வகை கேமராவை மலிவு விலைக்குக் கொண்டுவந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அது அறையில் தூவும். புள்ளிகள் எங்கே இடம் மாறி விழுகின்றன என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். கைனெக்ட் உற்பத்தி 2017ல் நிறுத்தப்பட்டது என்றாலும், அதே வேலையைச் செய்யும் வேறு கேமராக்கள் இன்று உள்ளன.

அகச்சிவப்பு ஒளியை நன்றாக உறிஞ்சும் கறுப்புத் துணி அணிந்து வந்தால், கேமரா அவரைச் சரியாகப் பார்க்காமல் போகலாம். அறை உங்களைக் கண்டுகொள்ளவில்லை என்றால் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்!

2. சுவரில் ஓடுவது வீடியோவா?

அக்கா டோக்கியோவில் பார்த்தது டீம்லேப் குழுவின் பார்டர்லெஸ் மியூசியம். 2018ல் திறந்தபோது அதில் 520 கம்ப்யூட்டர்களும் 470 புரொஜக்டர்களும் இருந்தன. (அந்த இடம் 2022ல் மூடப்பட்டு, 2024ல் அதே நகரில் வேறு இடத்தில் திறக்கப்பட்டது.) அங்குள்ள தேநீர் அறையில் உங்கள் கோப்பையில் உள்ள தேநீரின் மேல் ஒளியாலான பூ மலரும். கோப்பையைத் தூக்கினால் இதழ்கள் மேஜையில் சிதறும். தேநீர் தீர்ந்தால் பூவும் தீர்ந்துவிடும்.

"முன்பே எடுத்து வைத்த வீடியோவைத்தானே ஓட்டுகிறார்கள், தம்பி?" என்று கேட்டார் அக்கா. இல்லை. வீடியோ என்பது முன்பே வரைந்து முடித்த படங்களின் வரிசை. அதற்கு நீங்கள் எப்போது கோப்பையைத் தூக்குவீர்கள் என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு படமும் அந்தந்தக் கணத்தில் புதிதாக வரையப்படுகிறது. சினிமா பார்ப்பதற்கும் கம்ப்யூட்டர் கேம் விளையாடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இதற்கு உதவுவது கிராபிக்ஸ் கார்டு. கேம் விளையாடுவோர் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதில் சிரமமே நேரம்தான். விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படம் வரையக் கிடைப்பது சுமார் 17 மில்லி விநாடி. கேமரா பார்க்க, புரோகிராம் முடிவெடுக்க, புரொஜக்டர் காட்ட என்று எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் 12 செ.மீ. நகர்ந்திருப்பார். ஒளி அவருடைய காலுக்குப் பின்னால் விழும். மாயம் கலைந்துவிடும்.

ஒளியாவது பரவாயில்லை. ரேண்டம் இன்டர்நேஷனல் குழு 2012ல் லண்டன் பார்பிகன் அரங்கில் அமைத்த "மழை அறை" நினைவிருக்கிறதா? அறை முழுக்க மழை கொட்டும். நீங்கள் நடக்கும் இடத்தில் மட்டும் நின்றுவிடும். அதிலே மெதுவாக நடக்கச் சொல்வார்கள். காரணம் எளிது. உங்கள் தலைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கிளம்பிய துளி உங்களை வந்து அடைய அரை விநாடிக்கு மேல் ஆகும். கிளம்பிவிட்ட துளியை எந்த சாப்ட்வேராலும் நிறுத்த முடியாது. வேகமாக ஓடுபவர் அதற்குள் மழைக்குள் புகுந்துவிடுவார்.

3. தட்டுக்கு இங்கே என்ன வேலை?

அக்காவின் தொழில் சார்ந்த கேள்வி இது. டோக்கியோவின் கின்சா பகுதியில் 2017ல் எட்டுப் பேர் மட்டும் அமரும் உணவகம் ஒன்றை டீம்லேப் வடிவமைத்தது. பீங்கான் தட்டை மேஜையில் வைத்ததும் அதில் உள்ள உலகம் மேஜை மீதும் சுவர் மீதும் விரியும். ஒரு தட்டில் தீட்டிய பறவை கிளம்பி, இன்னொரு தட்டில் இருந்து வளர்ந்த மரத்தின் கிளையில் போய் உட்காரும்.

பொதுவாக, மேஜை மேல் இருப்பது எந்தத் தட்டு என்று அறிய இரண்டு வழிகள் உள்ளன. மேலே உள்ள கேமரா அதன் வடிவத்தையும் ஓவியத்தையும் பார்த்து அடையாளம் காணலாம். அல்லது தட்டின் அடியில் சிறு சிப் ஒன்றை ஒட்டி, மேஜைக்குள் இருக்கும் கருவி அதைப் படிக்கலாம். எப்படி இருந்தாலும் தட்டுதான் இங்கே மவுஸ். அதை வைப்பதுதான் கிளிக்!

"அப்படியானால் நான் செய்யும் தட்டு வெறும் பட்டன்தானா?" என்றார் அக்கா. குரலில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. அது வெறும் பட்டன் அல்ல. அதுவே திரையும் ஆகிறது என்பதுதான் என் பதில். புரொஜக்டரால் ஒளியைச் சேர்க்க மட்டுமே முடியும். கறுப்பு நிறத்தை வீச முடியாது. ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. அதனால்தான் இந்த அறைகள் இருட்டாக இருக்கின்றன. அடர் நிற மெருகு பூசிய கிண்ணம் படத்தை விழுங்கிவிடும். பளபளக்கும் மெருகு ஒளியைத் திருப்பி அடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். பளபளப்பு இல்லாத வெள்ளைப் பீங்கானே படத்தை நன்றாகக் காட்டும். மெருகு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் புரோகிராமர் அல்ல, பீங்கான் செய்பவர்தான்.

4. என் இதயத் துடிப்பு எங்கே போனது?

இதுதான் நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. 2019 ஏப்ரலில் மிலானில் கூகுள் நிறுவனம் மூன்று அறைகளை அமைத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக் குழு, கட்டடக் கலைஞர் சுசி ரெட்டி, முட்டோ பர்னிச்சர் நிறுவனம் ஆகியோர் உடன் சேர்ந்திருந்தனர். ஒவ்வோர் அறைக்கும் தனி நிறம், ஒளி, ஒலி, வாசனை. நுழையும்போது கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். ஒவ்வோர் அறையிலும் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். பட்டை இதயத் துடிப்பு, தோலின் வெப்பம், தோலில் மின்சாரம் பாயும் அளவு போன்றவற்றைப் பதிவு செய்யும். வெளியே வந்ததும் எந்த அறையில் நீங்கள் அதிக அமைதியாக இருந்தீர்கள் என்று ஒரு வட்டப் படம் சொல்லும்.

அக்கா தனக்கு இரண்டாவது அறைதான் பிடித்தது என்று நினைத்திருந்தார். பட்டை முதல் அறை என்றது. "என் மனம் எனக்குத் தெரியாதா, இயந்திரத்துக்குத்தான் தெரியுமா?" என்று குழம்பிப்போனார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கருவி அளந்தது துடிப்பையும் வியர்வையையும்தான், விருப்பத்தை அல்ல. நீங்கள் பரவசப்பட்டாலும் தோல் வியர்க்கும், பயந்தாலும் வியர்க்கும். எண் ஒன்றுதான், காரணம் இரண்டு. உடல் அமைதியாக இருந்த அறையும் மனதுக்குப் பிடித்த அறையும் வேறு வேறாக இருக்கலாம். எனவே அக்காவும் தவறில்லை, பட்டையும் தவறில்லை. "அமைதி" என்ற பெயரை அந்த எண்களுக்குச் சூட்டியது ஒரு புரோகிராம். அதை எழுதியவர்கள் மனிதர்கள்.

சரி, அந்த எண்கள் என்ன ஆயின? முடிவைக் காட்டிய பின் அவற்றை அழித்துவிடுவதாக கூகுள் அறிவித்திருந்தது. அப்படிச் சொன்னது நல்ல முறை. எல்லா இடங்களிலும் இப்படிச் சொல்வார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. சொல்லவில்லை என்றால் நாம்தான் கேட்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

வெப் கேமரா இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரும் ஒரு சிறிய அதிசய அறைதான். பிராசஸிங் என்ற இலவச சாப்ட்வேரை இறக்கி இன்ஸ்டால் செய்யுங்கள். கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் ஓவியர்களும் புரோகிராம் எழுத வேண்டும் என்பதற்காக 2001ல் உருவாக்கியது இது. அதன் லைப்ரரி பட்டியலில் வீடியோ லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின் அதனுடன் வரும் உதாரணங்களில் ஃப்ரேம் டிஃபரன்சிங் என்பதைத் திறந்து இயக்குங்கள்.

இப்போது கேமரா முன் அசையாமல் உட்காருங்கள். திரை கறுப்பாகிவிடும். கையை ஆட்டினால் கை மட்டும் தெரியும். நடப்பது ஒரு கழித்தல் கணக்குதான். இப்போதைய படத்தில் இருந்து முந்தைய படத்தைக் கழித்தால், மாறாத இடம் பூஜ்யமாகிவிடும்; மாறிய இடம் மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் பூ வரையச் சொன்னால் பூ, விளக்கேற்றச் சொன்னால் விளக்கு.

முடித்ததும் இன்னொரு வேலையும் செய்துவிடுங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் கேமரா என்பதைத் திறக்கவும். எந்தெந்தப் புரோகிராம்களுக்கு உங்கள் கேமராவைப் பயன்படுத்த அனுமதி உள்ளது என்ற பட்டியல் கிடைக்கும். தேவையற்றவற்றின் அனுமதியை நீக்கிவிடவும். மைக்ரோபோனுக்கும் இதேபோல் ஒரு பட்டியல் உண்டு.

கண்காட்சி அறையோ, கையில் கட்டும் வாட்சோ, வீட்டுக் கம்ப்யூட்டரோ, எதுவானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இது என்னிடம் எதை அளக்கிறது? அளந்ததை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்கிறது? அதற்கு என்ன பெயர் சூட்டி என்னிடமே திருப்பிச் சொல்கிறது? பதில் தெரிந்தபின் தாராளமாக உள்ளே போய்ப் பூக்களை ரசியுங்கள்.