மலைவாழ் இளைஞர் சங்கங்கள் ஒன்றுபடுதல்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் மாநிலத்தில் வாழும் பழங்குடியினர் 7,94,697 பேர். மொத்த மக்களில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டியதே. அவர்களும் ஓரினத்தார் அல்லர். 30-க்கும் மேற்பட்ட சமூகத்தினர். ஒரே மலையில் ஓர் ஊரில் ஓர் இனத்தாரும் அடுத்த ஊரில் வேறோர் இனத்தாருமாகச் சிறு சிறு குடியிருப்புகளில் சிதறி வாழ்கின்றனர். ஆகவே, தனித்து நிற்கும் எந்தச் சமூகத்தின் குரலும் பஞ்சாயத்தில் எடுபடுவது அரிது. பல சமூகங்களின் இளைஞர் சங்கங்களும் கூடி உழைக்க வேண்டியதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

ஒதுக்கீடு மட்டும் போதுமா?

பழங்குடியினருக்கு மக்கள்தொகைக்கேற்பப் பஞ்சாயத்துகளில் இடம் ஒதுக்க அரசியல் சட்டம் வகை செய்துள்ளது. ஆயினும் அவ்விடங்கள் சுழல்முறையில் மாறக்கூடியவை. இன்று ஒதுக்கப்பட்ட வார்டு பின்னர்ப் பொது வார்டாகலாம். மேலும், நம் மாநிலத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அப்பகுதிகளுக்கென 1996-இல் இயற்றப்பட்ட பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்குப் பொருந்துவதில்லை. எனவே, பொதுவான கிராம சபையிலேயே வாதிட்டு உரிமை பெறும் ஆற்றல் இளைஞர்களுக்கு வேண்டும்.

கூடலூர் காட்டும் வழி

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து சமூகத்தினர் வாழ்கின்றனர். மொழியும் வழக்கமும் வேறுபடினும், நிலம் கைநழுவிய துன்பம் அனைவருக்கும் பொதுவாயிருந்தது. 1980-களில் ஊர்தோறும் சங்கங்கள் தோன்றி, ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக ஒன்றிணைந்தன. 1988 டிசம்பர் 5-ஆம் நாள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் நில உரிமை கோரிக் கூடலூரில் ஊர்வலம் சென்றனர். பின்னர் தம் நிலத்தில் தேயிலை பயிரிட்டு அனுபவத்தை உறுதிப்படுத்திக்கொண்டனர். 1990-இல் அவர்களுக்கென மருத்துவமனை ஒன்றும் எழுந்தது; பழங்குடிப் பெண்களே அதில் செவிலியராகப் பயிற்சி பெற்றனர். ஓர் இனம் தனித்து முயன்றிருப்பின் இத்துணையும் கைகூடியிருத்தல் அரிது.

செய்ய வேண்டுவன

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இன்று நல்ல வாய்ப்பளிக்கிறது. இச்சட்டத்தின்படி கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 அங்கத்தினர் இருப்பர்; பழங்குடியினர் உள்ள ஊரில் மூன்றில் இரு பங்கினர் அவர்களாகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். இக்குழுவே உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று, நிலத்தை நேரில் ஆய்ந்து, வரைபடம் தயாரிக்கிறது. தலைமைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை.

கிராம சபைக்கு முன்னரே சங்கங்கள் கூடி, எல்லா ஊர்களுக்கும் பொதுவான கோரிக்கைகளை ஒரே மனுவாக எழுதிக்கொள்க. பேசும் பொறுப்பு ஒரே சமூகத்தாரிடம் தங்காது முறைவைத்து மாறட்டும். பெண்களுக்கும் அதில் பங்கு வேண்டும். பதினெட்டு வயதில் கிராம சபையில் இடமுண்டு; இருபத்தொன்றில் தேர்தலில் நிற்கலாம். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் தீர்மானம் எழுதவும், பஞ்சாயத்துக் கணக்குப் படிக்கவும் இளைஞர் பழகிக்கொள்ளலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. கிராம சபை அறிவிப்பு மலையூர்களுக்கு உரிய காலத்தில் சென்று சேர வேண்டும். மனுக்கள் தீர்மானப் புத்தகத்தில் தவறாது பதிவாக வேண்டும். நிலத்தின் எல்லை தெளிவுற்றால் அண்டை விவசாயிக்கும் வழக்குத் தொல்லை குறையும். ஆதலின், மலையூர் இளைஞரின் ஒற்றுமையை ஊர் முழுவதன் நலமாகக் கருதி அனைவரும் துணை நிற்போமாக.